‘ம்’ என்றால் ‘ஆமாம்’ அல்ல

‘தகுதியான நபர் கிடைக்கவில்லை.’ இந்த வரியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவர்கள் நாம். ஒதுக்கீட்டில் வந்த இடத்தைக் காலியாகப் போட்டு வைத்து, பின்னடைவுப் பணியிடம் என்று அதற்கொரு பெயரும் சூட்டி, வருஷக்கணக்கில் இழுத்தடிக்க இந்த ஒரு வரி போதும். தகுதியை யார் பார்த்தார்கள், எங்கே வைத்துப் பார்த்தார்கள், என்ன கேட்டுப் பார்த்தார்கள் என்று நாம் திருப்பிக் கேட்டிருக்கிறோம். நமக்காகத்தான் கேட்டோம். எஸ்.சி./எஸ்.டி. என்று எழுதும்போது நடுவில் ஒரு சாய்கோடு விழுகிறதே, அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்த வரி எப்படி வந்து விழுகிறது என்பதைப் போடிநாயக்கனூரில் ஒரு நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்கிற பக்கம் உட்கார்ந்திருந்தபோதுதான் கிட்டத்தில் பார்த்தேன். அதைப் பற்றித் தோழர்களோடு பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். போடியிலிருந்து மேற்கே முந்தல் தாண்டி மலை ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளம், ஏலத்தோட்டங்கள். கொட்டகுடி ஆற்றை ஒட்டி மேலே போனால் குரங்கணி, அதற்கும் மேலே சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன். ஸ்டேஷன் என்றதும் ரயிலைத் தேட வேண்டாம். மூணாறு தேயிலையை வெள்ளைக்காரன் கம்பிவடத்தில் தொங்கவிட்டு மலையிலிருந்து இறக்கிய காலத்துப் பெயர்கள் அவை. கம்பி போய்விட்டது, பெயர் நிற்கிறது. இந்தச் சரிவுகளில் சிறைக்காடு, சோலையூர் போன்ற இடங்களில் பளியர்களும், குரங்கணிக்கு மேலே முதுவாக்குடியில் முதுவர்களும் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தேனி மாவட்டத்து ஜனத்தொகை 12 லட்சத்துக்கு மேல். அதில் பழங்குடியினர் ஆயிரத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. எந்தக் கட்சியும் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கத் தேவையில்லாத தொகை.

காய் எடுக்க ஆள் பிடிக்கிறபோது இந்தச் சனங்களிடம் யாரும் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்பதில்லை. ஏலச்செடியின் தூரில் குனிந்து, இளங்காயை விட்டுவிட்டு முற்றிய காயை மட்டும் விரலால் அறிந்து கிள்ளுவதற்குச் சான்றிதழ் கிடையாது. விடியுமுன்னே போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்பில் அடைத்து ஏற்றிக்கொண்டு போகிற நம் பெண்களிடமும் அப்படித்தான். கங்காணி தலையை எண்ணுவான், அவ்வளவுதான். கூலி வேலைக்கு நேர்முகம் இல்லை. மாதச் சம்பளம், நாற்காலி, கையெழுத்துப் போடுகிற உரிமை என்று ஒன்று வரும்போதுதான் கதவுக்கு வெளியே பெஞ்சு போட்டு உட்கார வைக்கிறார்கள்.

ஒரு தொண்டு நிறுவனம். பெயர் வேண்டாம். மலைக்குடியிருப்புகளில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தவும், வீட்டுக் கணக்கெடுத்து மனு எழுதிக் கொடுக்கவும் இரண்டு களப்பணியாளர் வேண்டும் என்று அறிவித்தார்கள். பழங்குடியினருக்கு முன்னுரிமை என்று போட்டிருந்தார்கள். நல்லெண்ணம் உள்ளவர்கள்தான். கெட்டவர்களைப் பற்றி எழுதுவது சுலபம், நல்லெண்ணக்காரர்களைப் பற்றி எழுதுவதுதான் பெரும்பாடு. குழுவில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், கல்லூரிப் பேராசிரியை ஒருவர், வெளியாள் என்ற முறையில் நான். தமிழ் எம்.ஏ., அந்தப் பக்கத்து மக்களோடு பழக்கம், அதனால் கூப்பிட்டார்கள்.

போடியில் ஒரு மாடி அறை. பக்கத்துக் கிட்டங்கியிலிருந்து ஏலக்காய் வாசம் ஜன்னல் வழியாக அடித்துக்கொண்டே இருந்தது. காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மேலேயிருந்து பத்து மணிக்குள் வந்து சேர வேண்டுமானால் இருட்டோடு கிளம்ப வேண்டும். காட்டுமாடு நடமாடுகிற நேரம். அதனால் முந்தின நாளே இறங்கி வந்து, எங்கோ படுத்து எழுந்து, கசங்கிய சேலையோடு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு டீ வந்தது. அவர்களுக்கு வரவில்லை. இதைக் குறை என்று யாரும் நினைக்கவில்லை. நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்களுக்கு டீ கொடுக்கிற வழக்கம் எங்கே இருக்கிறது?

முதலில் இரண்டு பேர் கீழ்நாட்டுப் பிள்ளைகள். ‘வணக்கம் சார், வணக்கம் மேடம்’ என்று வந்து உட்கார்ந்தார்கள். சேவை செய்யப் பிடிக்கும் என்றார்கள். சிறுவயது முதலே மலைவாழ் மக்கள் மீது ஆர்வம் என்றார்கள். அதிகாரி அவர்களை ‘நீங்க’ என்றே பேசினார்.

மூன்றாவதாக ஒரு பளியப் பெண். இருபத்திரண்டு வயதிருக்கும். பத்தாவது முடித்தவள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். இங்கே ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது. அதிகாரி வாஞ்சையாகத்தான் பேசினார், அதையும் சொல்ல வேண்டும்.

“ஒன்னப் பத்திச் சொல்லும்மா.”

வெகுநேரம் பேச்சில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “என்னத்தச் சொல்லச் சாமி” என்றாள்.

“சரி, ஒன்னோட பலம் என்ன? எதுல நீ கெட்டிக்காரி?”

“எல்லாரும் செய்யிறதத்தேன் நானும் செய்வேன்.”

“கணக்கெழுதுவியா?”

“ம்.”

“வாரத்துல ரெண்டு நாளு போடிக்கு மீட்டிங்குக்கு வரணும். வருவியா?”

“ம்.”

“கம்ப்யூட்டர் தெரியுமா?”

“ம்.”

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பி, “பாத்தீங்களா, எல்லாத்துக்கும் ம்முன்னுதான் சொல்றா. கம்ப்யூட்டரக் கண்ணால பாத்திருக்க மாட்டா” என்றார். அப்புறம் கடைசிக் கேள்வி. உலகத்தில் எல்லா நேர்முகத் தேர்விலும் கேட்கிற கேள்விதான். “வெளிய இன்னும் இத்தன பேரு இருக்காக. அவுகள விட்டுட்டு ஒனக்கு எதுக்குக் குடுக்கணும்?”

அந்தப் பெண் அப்போதுதான் நேராகப் பார்த்தாள். “பச்சச் சீல கட்டிக்கிட்டு ஒருத்தி இருக்கால்ல சாமி, அவளுக்குக் குடுங்க. கைப்புள்ளக்காரி.”

அறையில் சிரித்துவிட்டார்கள். அதிகாரியின் தாளில் மூன்று குறிப்பு விழுந்தது. ஆர்வமில்லை. பேச்சுத்திறன் குறைவு. உண்மை பேசவில்லை.

பச்சைச் சேலைக்காரியைக் கூப்பிட்டபோது, பிள்ளையை வெளியே விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். பிள்ளை வெளியே வீறிடுகிறது, உள்ளே அவளிடம் “இன்னும் அஞ்சு வருஷத்துல நீ எங்க இருப்ப?” என்று கேட்கிறார்கள். “ஊர்லதேன்” என்றாள். அவளுக்கும் ஆர்வமில்லை என்று எழுதப்பட்டது.

அடுத்து ஒரு முதுவ இளைஞன். பி.ஏ. முடித்தவன். கேட்டதற்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னான். சட்டம் தெரிந்திருந்தது, 2006 வன உரிமைச் சட்டத்தைப் பற்றி எங்களைவிடத் தெளிவாகப் பேசினான். அவன் போன பிறகு வந்த முதல் பேச்சு என்ன தெரியுமா? “இவனப் பாத்தா டிரைபல் மாதிரியே இல்லியே. சர்ட்டிபிகேட் சரியானதுதானா?”

பேசாதவள் பழங்குடி, அதனால் தகுதியில்லை. பேசுகிறவன் தகுதியானவன், அதனால் பழங்குடியில்லை. இந்தக் கிடுக்கிப்பிடி நமக்குப் பழசுதான். ‘ஒன்னப் பாத்தா எஸ்.சி. மாதிரியே தெரியல’ என்று பாராட்டாகச் சொல்லப்படுவதைக் கேட்காத தலித் பட்டதாரி யாராவது உண்டா? எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு கல்லூரி வேலைக்குப் போனபோது என்னிடம் கேட்ட முதல் கேள்வி எந்த ஊர். இரண்டாவது கேள்வி, ஊரில் எந்தப் பக்கம். தொல்காப்பியம் மூன்றாவதாகத்தான் வந்தது.

ஆனாலும் நம் வழக்கும் அவர்கள் வழக்கும் ஒன்றல்ல. இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வரும். 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த தலித் எழுத்து நமக்குக் கற்றுக்கொடுத்தது ‘நான்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல. குனிந்து நின்றவன் நிமிர்வதே அரசியல் என்று படித்தோம். அதனால் நேர்முகத் தேர்வில் பேச முடியாத நம் பிள்ளைக்கு நாம் சொல்கிற யோசனை, ‘தைரியமாப் பேசு, விட்டுக்குடுக்காத’ என்பதுதான். அதே யோசனையைச் சிறைக்காட்டுப் பெண்ணுக்கும் சொல்லலாமா? அவளைப் பேசவிடாமல் வைத்திருப்பது வெறும் பயம் என்றால் சொல்லலாம். முழுக்கப் பயம் இல்லை என்பதுதான் இங்கே விஷயம்.

பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960களின் தொடக்கத்தில் பளியர்களிடையே தங்கி ஆராய்ந்தார். 1966இல் அவர் எழுதியதை உலகத்து மொழியியல் வகுப்புகளிலெல்லாம் எடுத்துச் சொல்கிறார்கள். பளியர்கள் எப்போதுமே குறைவாகப் பேசுகிறவர்கள், நாற்பது வயதாகும்போது பேச்சு அநேகமாக நின்றே போகிறது, அதிகம் பேசுகிறவரை அவர்கள் இயல்பானவராகக் கருதுவதில்லை என்பது அவர் கண்டது. ஒருவரோடு ஒருவர் போட்டி போடுவதும், ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்பதும் அவர்களிடம் மரியாதைக் குறைவு, சண்டை வந்தால் எதிர்த்து நிற்பதைவிட விலகிப் போவதே வழக்கம் என்றும் எழுதினார்.

இதை அப்படியே விழுங்க என்னால் முடியாது. வெள்ளைக்காரர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு எதிரே உட்கார்ந்தால் யார்தான் சளசளவென்று பேசுவார்கள்? தோட்டத்துக்காரனிடமும் காட்டிலாகாக்காரனிடமும் வாயைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்று தலைமுறை தலைமுறையாகப் பட்டறிந்தவர்களின் மௌனத்தில் எவ்வளவு பண்பாடு, எவ்வளவு அடி என்று பிரித்து எடைபோட எந்தத் தராசு இருக்கிறது? பளியக் கிழவிகள் அடுப்படியில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டவர்கள் நாற்பதில் பேச்சு நிற்கிறது என்பதை ஒப்ப மாட்டார்கள். ஆனால் அவர் சொன்னதில் ஒன்று போடி மாடி அறையில் என் கண் முன்னால் நடந்தது. ‘அவர்களை விட்டுவிட்டு உனக்கு ஏன்’ என்ற கேள்வி அவள் காதில் ஒரு வேலைக்கான கேள்வியாக விழவில்லை. வெளியே உட்கார்ந்திருக்கும் தன் சனத்தைத் தள்ளிவிட்டு வரச் சொல்கிற கேள்வியாக விழுந்தது. அதற்கு மரியாதையுள்ள மனுஷி சொல்லக்கூடிய பதிலை அவள் சொன்னாள். நாங்கள் அதற்குப் பூஜ்யம் போட்டோம்.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் இன்னும் ஒரு வெட்கம் இருக்கிறது. குறிஞ்சித் திணைக்குக் கருப்பொருள் எழுதச் சொன்னால் தேன், தினை, கிழங்கு, முருகன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி விண்ணேறியதைக் கண்டு வந்து சொன்னவர்கள் மலைக்குறவர்கள்தான் என்று மேடையில் முழங்குவோம். தேன் எடுக்கிறவளின் பேத்தி எதிரே வந்து உட்கார்ந்தால் அவளோடு எப்படிப் பேசுவது என்பதற்கு எந்தத் தாளும் கிடையாது. அவளும் தமிழ்தான் பேசுகிறாள், மொழிபெயர்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். வேற்று மொழியாக இருந்தால்கூட ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடியிருப்போம். ஒரே மொழி என்பதுதான் இங்கே குழியாக இருக்கிறது.

அந்த ‘ம்’மை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி கதை சொன்னால் கேட்கிற பிள்ளைகள் ‘உம்’ கொட்டும். கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். உம் கொட்டிய பிள்ளை, ஏழு கடல் ஏழு மலை தாண்டிக் கிளிக்குள் உயிர் இருப்பதை ஒத்துக்கொண்டதாகவா அர்த்தம்? ‘கேட்டுக்கிட்டுத்தேன் இருக்கேன், நீ மேல சொல்லு’ என்று அர்த்தம். அதிகாரிக்கு முன்னால் அவள் சொன்ன ‘ம்’ அதுதான். பிறகு அவர்களோடு இருந்து கவனித்ததில் எனக்குப் பிடிபட்டது இது: வரப் போகிறாள் என்றால் ‘வாரேன்’ என்று வினைச்சொல்லோடு பதில் வரும். வர முடியாது என்றால் ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், ‘பாப்போம்’ என்பார்கள். ‘ம்’ இரண்டிலும் சேராது.

இது பளியர் விஷயம் மட்டும் அல்ல. ஆஸ்திரேலியாவில் பழங்குடி மக்களைப் போலீஸ் விசாரிக்கும்போது, கேட்டதற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று சொல்லி, செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்வதாக முடிவதைக் கண்டு, 1976இல் அங்குள்ள வடபகுதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஃபார்ஸ்டர் சில நெறிகளை வகுத்தார். அனுங்கா விதிகள் என்று பெயர். மொழிபெயர்ப்பாளர் வேண்டும், விசாரிக்கப்படுகிறவருக்கு நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், பதிலை உள்ளே வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது, களைத்திருப்பவரை விசாரிக்கக் கூடாது. சாப்பாடும் டீயோ காப்பியோ கொடுக்க வேண்டும் என்பதுகூட அதில் இருக்கிறது. குற்றவாளி என்று சந்தேகப்பட்டுப் பிடித்து வந்தவருக்கு அங்கே டீ. வேலை கேட்டு வந்தவளுக்கு இங்கே அதுகூட இல்லை.

நம் நாட்டிலும் நேர்முகத் தேர்வின் கள்ளத்தனம் நீதிமன்றத்துக்குத் தெரியாததல்ல. ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்முகத்துக்கு 50. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம், சம்பந்தமில்லாத கேள்விகள். அஜய் ஹாசியா வழக்கில் 1980 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தான்தோன்றித்தனம் என்றது. கேள்வி பதிலை டேப்பில் பதிவு செய்யலாம் என்றும் யோசனை சொன்னது. மத்திய அரசுப் பணிகளில் கீழ்நிலை வேலைகளுக்கு 2016 ஜனவரி முதல் நேர்முகமே இல்லை என்றாக்கிவிட்டார்கள். தலித் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஓரளவு உதவும். எழுத்துத் தேர்வில் ஜெயித்தும் முகத்தைப் பார்த்து வெட்டப்பட்டவர்கள் நாம். பளியப் பெண்ணுக்கு எழுத்துத் தேர்வுவரை வந்து சேருவதே பெரும்பாடு. பிறப்புச் சான்று இருக்காது, ரேஷன் கார்டில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் இன்னொரு பேர். தமிழ்நாட்டின் பட்டியலிலேயே பல்லையன், பள்ளியன், பள்ளியர் என்று ஆங்கில எழுத்தின் வழியாக மூன்று விதமாக ஏறியிருக்கிறது அவர்கள் பெயர். ஒரு எழுத்து மாறினால் சான்றிதழ் திரும்பி வந்துவிடும். 1990இல்தான் பழங்குடிகளுக்கென்று தனியாக 1 சதவீதம் ஒதுக்கினார்கள். அதுவரை நம்மோடு சேர்த்து 18க்குள். அந்தக் காலத்தில் அவர்கள் பங்கை யார் வாங்கிக்கொண்டார்கள் என்று நாமும் ஒருநாள் பேசத்தான் வேண்டும். மலையில் கங்காணி வேலை பார்த்த நம் ஆட்களிலும் அவர்களைக் ‘காட்டுப்பயலுக’ என்று கூப்பிட்டவர்கள் உண்டு.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொஞ்சம் வேறு மாதிரி யோசித்தார்கள். காட்டை ஒட்டி வாழும் பழங்குடிகளிலிருந்து 500 பேரை பீட் வன அதிகாரிகளாக எடுக்கத் தனித்தேர்வு நடத்தினார்கள். நல்ல காரியம். அதிலும் 2022 கடைசியில் அட்டப்பாடி இளைஞர் ஒருவர் எழுத்துத் தேர்வும் உடற்தகுதித் தேர்வும் தாண்டி வந்த பிறகு, பல் முன்னே நீண்டிருக்கிறது என்று நிறுத்தப்பட்டார். சீருடைப் பணிக்கான விதியில் அப்படி ஒன்று இருந்ததாம். கூச்சல் எழுந்தது, எஸ்.சி. எஸ்.டி. ஆணையம் வழக்குப் பதிந்தது. புலியின் காலடி பார்த்து நேரம் சொல்கிறவனுக்குப் பல் எப்படி இருந்தால் என்ன என்று அந்த விதியை எழுதியவனுக்குத் தோன்றாது. அவன் காட்டுக்காக எழுதவில்லை, அணிவகுப்புக்காக எழுதினான்.

வேலை நடந்தால் சரி என்று நினைக்கிறவர்கள் எப்படி ஆள் எடுக்கிறார்கள் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மலைப்பாம்பு பெருகி, பிடிக்க முடியாமல் திணறி, 2017இல் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அழைத்துப் போனார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ‘இங்கிலீஷ் கற்றுக்கொண்டு வா’ என்று சொல்லவில்லை. இரண்டு மொழிபெயர்ப்பாளர்களையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்துக்குச் சற்று மேலான நாட்களில் 13 பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அவர்களிடம் ‘உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன’ என்று கேட்டிருந்தால் புளோரிடாவில் பாம்புதான் பெருகியிருக்கும்.

போடிக்கு வருகிறேன். மதிப்பெண் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. சண்டையெல்லாம் போடவில்லை. நாம் எடுக்கப் போவது மலையில் வேலை செய்ய, அவர்கள் வேலையை மலையில் போய்ப் பார்ப்போம், அப்புறம் போடுகிறேன் என்றேன். பேராசிரியை என் பக்கம் நின்றார். அதிகாரி, “சரி, ஏற்பாட்ட நீங்களே பாத்துக்கங்க” என்றார். அடுத்த வாரம் மூவரும் மேலே போனோம். கீழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி அனுப்பினோம், ஒருவர் வந்தார்.

மேசை கிடையாது. பள்ளிக்கூடத் திண்ணையில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தோம். அவர்கள்தான் எங்களுக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார்கள். கைப்பிள்ளை தாய் மடியிலேயே இருந்தது. என்ன கேட்கப் போகிறோம் என்பதை முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் கூட இருந்தார். போன வாரக் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: “அவகிட்டயே அவளப் பத்திக் கேட்டா எப்பிடிச் சொல்லுவா? எங்களக் கேளுங்க.” கேட்டோம். யார் வீட்டுப் பிள்ளைக்கு அவள் எழுத்துக் கற்றுக்கொடுத்தாள், யாருக்கு முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதினாள், எந்த மனு திரும்பி வந்தது, திரும்ப எப்படி எழுதினாள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஆளுக்கு ஒரு படக்கதைப் புத்தகத்தைக் கொடுத்துப் பிள்ளைகளோடு விட்டோம். அரைமணி நேரம் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. கீழ்நாட்டுப் பிள்ளை நன்றாகத்தான் நடத்தினார், ஆனால் முன்வரிசைப் பிள்ளைகளோடு மட்டும் பேசினார். இவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பின்னால் தூணோரம் நின்ற சிறுமியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். அந்தச் சிறுமிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதைப் பிறகு சொன்னார்கள்.

அப்புறம் ‘நீ என்ன செய்வாய்’ என்பதை விட்டுவிட்டு ‘இங்கே எப்படிச் செய்வீர்கள்’ என்று கேட்டோம். ஆற்றில் தண்ணி வந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போகும்? ஆவணி தொடங்கி மாசிவரை வகுப்புக்குப் பிள்ளைகள் வருமா? அவள் பதில் சொல்ல ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நாங்கள் காத்திருந்தோம். காத்திருப்பது சுலபம் இல்லை, கேள்வி கேட்கிறவனுக்கு வாய் ஊறிக்கொண்டே இருக்கும். பிறகு பேசினாள்.

“காயி எடுப்பு வந்திருச்சுன்னா இங்கன பிள்ளைக இருக்காது சாமி. ஆத்தா அப்பன் கூட மேல தோட்டத்துக்குப் போயிரும். கைக்குழந்தையப் பாத்துக்கிட்டு லயத்துல கெடக்கும். இங்கன வகுப்பு வச்சா சும்மா பூட்டுத்தேன் தொங்கும். வகுப்ப மேல கொண்டு போகணும். சாயங்காலம் காயி நிறுத்துப் போட்டப்பெறகு வச்சம்னா எல்லாம் வரும். ஸ்டோர்ல கரண்டு வெளிச்சம் இருக்கும். அதுக்குத் தோட்டத்துக்காரர்கிட்ட நீங்க பேசணும். நாங்க பேசுனா விட மாட்டாக.”

நிறுவனத்தின் திட்ட அறிக்கையில் இது இல்லை. பன்னிரண்டு மாதமும் திண்ணையில் வகுப்பு என்றுதான் எழுதி நிதி வாங்கியிருந்தார்கள். அதிகாரி என்னிடம் மெதுவாக, “நல்லாத்தான பேசுறா. அன்னிக்கு ஏன் பேசல?” என்றார். “அன்னிக்கு இதக் கேக்கலயே சார்” என்று பேராசிரியை சொன்னார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு, ‘பழங்குடிகள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள், போட்டி மனப்பான்மை இல்லாதவர்கள்’ என்று பயிற்சி முகாமில் பலகையில் எழுதிப் போட்டால் அதைப் போல ஆபத்து வேறில்லை. நாளைக்கே ‘அவங்க பண்பாட்டுக்கு மேனேஜர் வேலை ஒத்து வராது, வேட்டைத்தடுப்புக் காவலர் வேலை கொடுப்போம்’ என்பார்கள். அதுவும் தற்காலிகமாக. அந்த முதுவ இளைஞனுக்குப் போட்டி ஒத்து வருகிறது. அவனிடம் திண்ணையில் உட்கார்ந்து ஊரை விசாரிக்கத் தேவையில்லை, சர்ட்டிபிகேட்டைச் சந்தேகப்படாமல் இருந்தால் போதும். இரண்டு பேரையும் ஒரே அச்சில் வார்க்கிற வேலையைத்தான் மாடி அறையும் செய்தது, பண்பாட்டுப் பலகையும் செய்யும்.

முடிவு என்னவென்று கேட்பீர்கள். ஒரு இடம் முதுவ இளைஞனுக்கு. இரண்டாவது இடம் அந்தப் பெண்ணுக்கு என்று மூவரும் ஒன்றாகவே போட்டோம். சொன்னதும் அவள் பச்சைச் சேலைக்காரியோடு தனியாகப் போய்க் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து செய்வதாகவும் சம்பளத்தைப் பாதியாகக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னாள். கைப்பிள்ளைக்காரி கீழே திண்ணை வகுப்பு, இவள் காய் எடுப்புக் காலத்தில் மேலே தோட்டத்து வகுப்பு. இரண்டு இடத்திலும் வகுப்பு நடக்கும். திட்டத்துக்கு இதைவிட நல்ல யோசனையை நாங்கள் மூவரும் சேர்ந்து யோசித்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

கணக்குப் பிரிவில் ஒத்துக்கொள்ளவில்லை. சம்பளப் பதிவேட்டில் ஒரு பணியிடத்துக்கு ஒரு பெயர்தான் எழுத முடியுமாம். வருங்கால வைப்பு நிதி எண் ஒருவருக்குத்தான் போட முடியுமாம். இவள் பெயரை எழுதியிருக்கிறார்கள். மாதம் பிறந்ததும் இவள் சம்பளத்தை வாங்கி அவளுக்குப் பாதி கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டு, அது விதிமீறலா என்று கேட்டு ஒரு கடிதம் போயிருக்கிறது.

இதற்கிடையில் அதே நிறுவனத்திலிருந்து எனக்கும் ஒரு கடிதம். இன்னும் மூன்று பேர் எடுக்கிறார்கள், குழுவுக்கு வர வேண்டும் என்று. இடம் போடி அலுவலகம், நேரம் காலை பத்து மணி, ஆளுக்குப் பத்து நிமிஷம், அசல் சான்றிதழ்களுடன். கடிதத்தின் பின்பக்கத்திலேயே பதில் எழுதி அனுப்பியிருக்கிறேன்: இடம் பள்ளிக்கூடத் திண்ணை, நேரம் காய் நிறுத்துப் போட்ட பிறகு, பத்து நிமிஷம் போதாது, பிள்ளைகளைக் கூட்டி வரலாம், எல்லோருக்கும் காப்பி. இன்னும் பதில் இல்லை.